முப்பத்தோரு வளையங்கள்

"மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணுறாரு அண்ணி. இது மூணாவது தடவை" என்று ஈனஸ் காதோரம் முணுமுணுத்தான்.

கெசையா எட்டிப் பார்த்தாள். கோர்ட் மேஜைமேல், அவள் நிலத்து மூலையில் நின்ற ஓக் மரத்திலிருந்து வெட்டியெடுத்த கட்டை கிடந்தது. நீதிபதி லெமுவேல் கேட்ஸ் அதன்மேல் குனிந்து, ஊசி முனையால் ஒவ்வொரு வளையமாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த மரத்தில் எல்லைக் குறியை 1786இல் சர்வேயர் வெட்டியது நிஜமென்றால், அதை மூடி வருஷத்துக்கு ஒன்றாக, இந்த 1817க்குள் முப்பத்தோரு வளையங்கள் வளர்ந்திருக்க வேண்டும். இருந்தால் நிலம் அவளுடையது. குறைந்தால் வீடும் சோளக்காடும் பண்ணையார் க்ராப்ட்ரீக்குப் போய்விடும். செத்துப்போன அவள் கணவன் ஜோத்தம் கள்ளக்குறி வெட்டினான் என்ற பெயரும் நிலைத்துவிடும்.

"நமக்குச் சாதகமா சொல்லுவாரா ஈனஸ்?"

"எங்கே சொல்லப் போறாரு அண்ணி. மூணு தடவை சட்டசபை, பன்னிரண்டு வருஷம் ஜட்ஜ், ஆகஸ்ட்டுல கவர்னருக்கு நிக்கப் போறாரு. ஐந்நூறு ஏக்கர் இல்லாதவன் கவர்னராக் கூடாதுன்னு டென்னசி மாநிலத்துக்கு விதி எழுதினப்போ, கை தூக்கினவங்கள்ல இவரும் ஒருத்தர். நம்ம வயித்தெரிச்சல் இவருக்கு என்ன தெரியும்?"

க்ராப்ட்ரீயின் வக்கீல் பென்னட் எழுந்தார். "ஐயா, இந்த மரந்தான் மூலைன்னு ஒத்துக்கிட்டா கோடு ஆறு வரைக்கும் நேராப் போகும். ஆகஸ்ட்டும் பக்கத்துல இருக்கு. கொஞ்சம் யோசிச்சுக்குங்க."

"எண்ணும்போது பேசாதீங்க, பென்னட்."

கெசையா பென்னட்டை முறைத்தாள். க்ராப்ட்ரீயின் ஆட்கள் போடும் ஓட்டுகளைக் காட்டித்தான் மிரட்டுகிறான், பாவி. எந்த மனுஷன்தான் இதற்கு மசியமாட்டான்?

நீதிபதி ஊசியைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயசாகிவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு" என்றார். "மூணு தடவையும் முப்பத்தொண்ணுதான். ஜோத்தம் ரட் யோக்கியமான மனுஷன். பத்திரத்துல இருக்கறபடியே இந்த மரத்துலேர்ந்து ஆறு வரைக்கும் நிலம் இந்தம்மாவோடது."

கெசையா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பென்னட் மட்டும் நம்ப முடியாதவராக நீதிபதியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியும் ஒரு மனுஷர் இருப்பாரா என்று கெசையாவுக்கு மெய்சிலிர்த்தது. பணக்காரன் ஓட்டுகளைத் தூக்கியெறிந்துவிட்டாரே.

நீதிபதி குமாஸ்தா பக்கம் திரும்பினார். "தேர்தல் அதிகாரிக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. கவர்னர் தேர்தல்ல நான் நிக்கல. நிக்கவும் முடியாது."

குமாஸ்தா பேனாவைத் தொடவே இல்லை. நீதிபதி மேடையிலிருந்து இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்தபடி கெசையாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஆத்தங்கரையில இருக்கற வெள்ளை வீடும் அதைச் சுத்தின தோட்டமும் என்னோடதும்மா. இந்தக் கோட்டுல அது உங்க பக்கம் வந்துடுச்சு, என் ஐந்நூறு ஏக்கரும் குறைஞ்சுபோச்சு. காலி பண்ண அறுவடை வரைக்கும் டைம் குடுப்பீங்களா?"