உலையின் மூலை

இரும்புத்தூளை அச்சில் கொட்டி அழுத்தியபோது இரண்டு பல்சக்கரங்கள் அடுத்தடுத்து வெளியே வந்தன. முதலில் வந்தது அக்கா, பின்னால் வந்தது தங்கை. நகத்தால் கீறினாலே உதிர்ந்துவிடும் உடம்பு இரண்டுக்கும்.

தட்டில் உட்கார்ந்து உலையை நோக்கிப் போகும்போதே தங்கைக்கு நடுக்கம் எடுத்துவிட்டது.

"அக்கா, உள்ளே போனா உருகிடுவோமா?"

"உருக மாட்டோம்டி. அந்தச் சூட்டுல தூளும் தூளும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்பதான் நமக்குப் பலம். நடுவுல, என் பக்கத்துல வந்து இரு."

உலையின் வாய் செக்கச்செவேலென்று தெரிந்தது. தட்டு குலுங்கிய சாக்கில் தங்கை நழுவிப்போய், அனல் சரியாக எட்டாத மூலையில் ஒடுங்கிக்கொண்டது. அக்கா கூப்பிட்டதைக் காதில் வாங்கவே இல்லை.

வெளியே வந்தபோது இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் மின்னின. எடுத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தப்பித்துவிட்டோம் என்று தங்கைக்கு உள்ளூரக் குஷி.

இரண்டையும் ஒரே பம்புக்குள் பல்லோடு பல்லாகப் பொருத்தி, எண்ணெய் ஊற்றி, மூடியை முடுக்கினார்கள். மோட்டார் உறுமியது. முதல் சுற்றிலேயே தங்கையின் உடம்புக்குள் ஏதோ நறநறவென்றது.

"அக்கா, மெதுவா சுத்து! எனக்குள்ள உதிருது. என்னை மறுபடி உலைக்கே அனுப்பச் சொல்லேன், நடுவுலயே உட்காருறேன்!"

அக்காவையும் பயம் பிடித்துக்கொண்டது.

"நானா சுத்துறேன்? மோட்டார்டி சுத்துது! என்னால நிறுத்த முடியாது. கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

எதைப் பிடித்துக்கொள்வது என்று தங்கை தேடுவதற்குள், அதன் முதல் பல் உடைந்து எண்ணெயில் விழுந்தது.