பாய் வீட்டு கேமரா

"பாய், போனை எடுத்துக்கினு வாங்க. உங்க கேட்டு கேமராவுல திருடன் மூஞ்சிய இப்பவே பார்த்துடலாம்!"

தைரியநாதன் கேட்டைத் தட்டிய தட்டில், தெருவே சாதுல்லாவின் வீட்டு முன்னால் கூடிவிட்டது.

தைரியநாதன் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கியைக் கழற்றி வருஷங்களாகியும் அந்தத் தெருவுக்கு அவர்தான் ஸ்டேஷன், அவர்தான் லாக்கப். அப்பேர்ப்பட்டவரின் எக்ஸெல் மொபெட், அவர் வாசலிலிருந்தே பட்டப்பகலில் காணாமல் போயிருந்தது.

"சாவி வூட்ல ஆணியில தொங்குது. வாசல்ல வண்டியக் காணோம். அப்போ இன்னா அர்த்தம்? கள்ளச்சாவி போடுற கும்பல்!"

சர்வீஸில் எத்தனை கும்பலைப் பார்த்தவர்! எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ஏட்டய்யா வண்டிக்கே இந்தக் கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்?" எதிர்வீட்டுக் கமலா கழுத்துச் சங்கிலியைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டாள். "கள்ளக்குறிச்சி முன்ன மாரி இல்ல. ஊரே கெட்டுப் போச்சு."

அந்த நேரம் பார்த்துத் தெருவுக்குள் நுழைந்தார் வீரமுத்து. வெள்ளிமலையிலிருந்து தேனும் சாமையும் கொண்டுவந்து விற்கிறவர்.

"தோ வர்றான் பாரு! வெளியாளு இவன் ஒருத்தன்தான் இங்க அடிக்கடி சுத்திக்கினு இருக்கான்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பையைக் கொட்டச் சொன்னார் ஏட்டய்யா. கொட்டியதில் ஒரு தேன் பாட்டில் உடைந்தது. வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சாதுல்லா வீட்டுக்குள் போய் போனைப் பார்த்தார். அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு வெளியே வந்தார்.

"படம் எதுவும் இல்லீங்க ஏட்டய்யா. அது டம்மி கேமரா. சும்மா பயங்காட்டறதுக்கு மாட்டினது."

"அடப் பாவி! ஒரு கேமராவுல கூடவா பாய் கஞ்சத்தனம்?" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

சாதுல்லாவின் மனைவி ஜீனத்துன்னிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டம்மியா? காலையில் கேட்டில் நின்ற பால்காரரைக்கூட அடுப்படியில் இருந்தபடியே அந்த போனில் பார்த்தாளே! வாயைத் திறக்கப் போனவளை, சாதுல்லா ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டாள்.

"வீரமுத்துவ உட்ருங்க. காலையிலேர்ந்து என் கடையில மூட்டை பிரிச்சிக்கினு இருந்தாரு. நான் சாப்பிட வூட்டுக்கு வர்றப்பதான் அவரும் கெளம்பினாரு. நான் சாட்சி."

"அப்டிப் போடு! கடைக்குச் சரக்கு குடுக்கற ஆளப் பாய் காட்டிக் குடுப்பாரா?" என்றாள் கமலா.

ஜீனத்துக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். அவமானத்தில் கூனிக் குறுகிப் போனாள்.

"வண்டிய நாங்க ரெண்டு பேரும் தேடிட்டு வர்றோம்" என்று சாதுல்லா வீரமுத்துவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இனி இரண்டு பேரும் எங்கே திரும்பி வரப்போகிறார்கள் என்று தெரு சிரித்தது.

வந்தார்கள். ஏட்டய்யாவின் எக்ஸெல்லில் வீரமுத்து உட்கார்ந்திருக்க, பின்னால் பைக்கில் வந்த சாதுல்லா அதைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஆத்தங்கரை முள்ளுல கெடந்துச்சுங்க. எவனோ போட்டுட்டு ஓடியிருக்கான்" என்றார் சாதுல்லா.

"ஓடாம? யாரு வண்டின்னு தெரிஞ்சிருக்கும்ல!" ஏட்டய்யா மீசையைத் தடவிக்கொண்டார். தெருவுக்கே மூச்சு வந்தது. வீரமுத்துவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டு, சாதுல்லாவிடம் திரும்பினார். "இனிமேலாச்சும் நல்ல கேமராவா மாட்டுங்க பாய். காலம் கெட்டுக் கெடக்குது."

"மாட்டிடறேங்க."

கதவைச் சாத்தியதுதான் தாமதம், ஜீனத்து பொரிந்து தள்ளினாள்.

"இன்னாங்க இது? நாலு பேரு முன்னால கஞ்சன்னு பேரு வாங்கணுமா? எந்தத் திருடனக் காப்பாத்த இந்தப் பொய்யி?"

சாதுல்லா போனை நீட்டினார்.

படத்தில், காலை வெயிலில் எக்ஸெல்லை ஓட்டிக்கொண்டு தெருவை விட்டுப் போனது ஏட்டய்யாதான். அடுத்த படத்தில் தெருமுனையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, மீன் பையோடு நடந்து வந்தார். வண்டிச் சாவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மீன் மார்க்கெட்ல வண்டிய நிறுத்திட்டு, மறந்துபோயி ஆட்டோவுல வந்துட்டாரு. இப்பல்லாம் மறதி ஜாஸ்தி ஆயிடுச்சு அவருக்கு. மவன் ஜான் லீவுல வர்றப்ப அவன் காதுல மட்டும் போடணும், டாக்டராண்ட கூட்டிக்கினு போவச் சொல்லி."

"யா அல்லாஹ்!" ஜீனத்துவின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. "தெருவையே நான்தான் காக்கறேன்னு நெனச்சிக்கினு இருக்கற மனுசன். இது தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவாருங்க."

"அதான் டம்மின்னேன்."

"அது சரி, ஆத்தங்கரையில கெடந்துச்சுன்னு எப்டிங்க ஒடனே கத கட்டினீங்க?"

"நான் எங்க கட்டினேன்? மார்க்கெட் வாசல்ல வண்டியப் பார்த்ததுமே மீன்கார அம்மா, 'ஏட்டய்யா காலையில உட்டுட்டுப் போனாரு'ன்னு சொல்லிடுச்சு. வீரமுத்துவுக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு. 'உங்க மேல விழுந்த பழி போவணும், தெருவுல போயி உள்ளதச் சொல்லிடலாம் வாங்க'ன்னுதான் நான் அவரக் கூப்டேன்."

"அதுக்கு அவரு?"

"'ஆத்தங்கரையில கெடந்துச்சுன்னு சொல்லிடுங்க பாய். இன்னிக்கு அந்தத் தெருவுல நான் ஒருத்தன் தலைகுனிஞ்சு நின்னது போதும்'னுட்டாரு."