கெட்டிமேளம் கேட்காத கேசட்

கேசட்டை உள்ளே தள்ளியதும் இயந்திரம் இரண்டு முறை கடகடத்தது.

கடித்துக் குதறிவிடாதே என்று அதைக் கும்பிட்டுக்கொண்டேன். ரமணி அக்கா சிரிப்பதும் திரும்புவதும் நடப்பதும் உலகத்தில் இந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது.

பினாங்கு ஈரத்துக்கு டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது, அதற்குள் டிஸ்க்கில் ஏற்றிவிட வேண்டும். வீட்டிலிருந்த பழைய பிளேயரும் போன மாதம் மண்டையைப் போட்டுவிட்டது. அதனால்தான் ஒரு பக்கம் கேசட், மறுபக்கம் டிஸ்க் என்று இரண்டு வாய் வைத்த இந்த ரெக்கார்டரை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சாதிக் அண்ணனிடம் வாங்கிவந்தேன்.

அவர் ஒன்று சொல்லி அனுப்பினார். கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் பதிவாகியிருக்குமாம். பழைய பிளேயர்கள் ஒன்றை மட்டும்தான் படிக்குமாம். இது இரண்டையும் படிக்குமாம். ஒன்று கெட்டுப்போயிருந்தால் ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்தி மற்றதைக் கேட்டுப் பார் என்றார்.

நாளைக்கு அக்காவுக்குத் திவசம். அம்மா சமையலறையில் படையலுக்கு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

படைத்து முடித்ததும் அக்காவின் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெளியாட்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

கோயில் கல்யாணத்துக்கு முன்பே ரெஜிஸ்டர் பண்ணிவிட்டதால், மாப்பிள்ளை உரிமையோடு வந்து அக்காவைக் காரில் கூட்டிப்போவார். நல்ல பிள்ளை என்று நாங்களும் பல்லைக் காட்டினோம். அக்கரையில் தாசேக் கெலுகோருக்கு வாழப்போனவள் இரண்டாவது தீபாவளிக்குள் மருந்தைக் குடித்துவிட்டாள். அவர் அடிக்கிற ஆள் என்பது அவளைக் குளிப்பாட்டும்போதுதான் தெரிந்தது.

அப்பா ஒவ்வொரு திவசத்துக்கும் டிவி முன்னால் உட்கார்ந்து அழுவார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மணவறையிலிருந்தே இழுத்துக்கொண்டு வந்திருப்பேனே, பாவி மகள் யாரிடமும் வாய் திறக்கவில்லையே என்பார். மகள் நம்பிச் சொல்ல முடியாத அப்பனாகிவிட்டோம் என்ற நினைப்பே அவரைத் தின்று தீர்த்தது. அதே நினைப்போடுதான் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் கேசட்டில் ஒரு கோமாளித்தனம் உண்டு. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றிவர ஆரம்பித்ததும் மண்டபத்துச் சத்தமெல்லாம் அடங்கி ஒரு சினிமா டூயட் கிளம்பும். தாலி கட்டி முடிகிறவரை அதுதான். எல்லார் வீட்டு வீடியோவிலும் கெட்டிமேளம் கேட்கும் இடம் அது. வீடியோக்காரனின் ரசனையை அப்பா கண்டபடி திட்டுவார்.

இன்றைக்குத் தட்டு கிளம்பியது. டூயட் வரவில்லை.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை வீரிட்டது. ஐயர் தேங்காயைக் கேட்டார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பாட்டுக்கு அடியில் அந்த மண்டபம் அப்படியே இருந்திருக்கிறது. அக்காவின் குரலும் இருக்கும். அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

படத்தில் அக்கா பின்னால் திரும்பினாள். அம்மா குனிந்து அவள் தலைப்பூவைச் சரிசெய்தாள். வருஷா வருஷம் பார்த்த காட்சிதான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டிருப்பாள் என்பார் அப்பா.

"அம்மா, வேணாம்மா. நேத்தும் அடிச்சாரு. வீட்டுக்குப் போயிரலாம்மா."

"ரெஜிஸ்டர் ஆயிருச்சு. வீடியோ ஓடுது, சிரி."

அக்கா சிரித்தாள். கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் காதைப் பிளந்தது.

நான் ரிமோட்டைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். அப்பாவை எழுப்பிவந்து உட்காரவைத்து, அவள் சொன்னாள் அப்பா, சொல்லியிருக்கிறாள் என்று காட்டவேண்டும் போலிருந்தது.

பிறகு அம்மாவை நினைத்துக்கொண்டேன். கல்யாணக் களேபரத்தில் அவள் காதில் பாதிதான் விழுந்திருக்கும். ஏதோ பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பாள், அப்போதே மறந்தும் போயிருப்பாள். இந்த வயதில் இதைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். போனவளைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பவளையாவது காப்பாற்றுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதி பதிவாகியிருந்த டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டேன். கேசட்டைப் பின்னால் ஓட்டி, ஆடியோ பொத்தானை அழுத்தினேன். டூயட் வந்தது. அக்காவின் உதடு அசைந்தது, பாட்டு மட்டும் கேட்டது. அப்படியே டிஸ்க்கில் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா சமையலறை வாசலில் நின்றாள். கையெல்லாம் மாவு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் அழுகை இல்லை, அதிர்ச்சியும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"அந்த எடத்துல சத்தத்த அழிச்சிட்டேன்னுதான் அந்த வீடியோக்காரன் சொன்னான், தம்பி. கல்யாணம் முடிஞ்ச வாரமே போய்ச் சொல்லிட்டு வந்தேன், உங்கப்பா கேட்டா சும்மா இருக்கமாட்டாருன்னு."

அந்த வாரம் அக்கா உயிரோடு இருந்தாள். ஃபெரியும் பஸ்ஸும் ஏறினால் போய்க் கூட்டிவந்துவிடும் தூரத்தில் இருந்தாள்.