அன்றாடம், ஐந்து வாக்கியத்தில்

முப்பது நாள் ஆங்கிலப் பயிற்சியின் நிறைவு விழா. தன் அன்றாட வாழ்க்கையை ஐந்து வாக்கியத்தில் பிழையில்லாமல் சொல்பவருக்குப் பொன்னாடை உண்டு என்று அறிவித்திருந்தார் கோட்டு போட்ட பயிற்சியாளர். ஜெயக்கொடி மைக்கைப் பிடித்தாள். "ஐ வேக் அப் அட் ஃபைவ். ஐ குக். ஐ வாஷ். மை ஹஸ்பெண்ட் டிரிங்க்ஸ். ஹி பீட்ஸ் மீ எவ்ரி டே." சொல்லிவிட்டு மேடையிலிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஒரு தப்பு இல்லீங்கய்யா!" என்று பூரித்தார் பயிற்சியாளர். சிறப்பு விருந்தினர் எழுந்து நின்றே கைதட்டினார். முன்வரிசையில் அவள் கணவன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். "ஹஸ்பெண்டுன்னு காதுல விழுந்துச்சு சார், என்னையப் பத்திதான் ஏதோ பெருமையாச் சொல்றா. அத அப்டியே தமிழ்லயும் சொல்லச் சொல்லுங்க, நாங்களும் கேக்குறோம்." பயிற்சியாளர் அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, சிரித்தபடி மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.