அமீனா வருகிறார்

"அப்பா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அமீனா வர்றாங்க. ஊட்லயே இரு. கோபப்படாம பேசு" என்று சொல்லிவிட்டு ஸ்ரீநாத் போனை வைத்துவிட்டான்.

ஜம்புலிங்கம் திருப்பிக் கூப்பிடவில்லை. ஒன்றரை வருடமாக எதிர்பார்த்ததுதான்.

திருமுல்லைவாயில் வீட்டின் மாடி தங்கை சாவித்திரிக்குத்தான் என்று தீர்ப்பாகியும் அவர் சாவியைக் கொடுக்கவில்லை. இப்படியே போனால் அமீனா வருவார் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். கோர்ட் ஆள். தெருவே வேடிக்கை பார்க்கப் பூட்டை உடைத்து, மாடியை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்.

டேங்க் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருடம் ஒரு மெமோகூட வாங்காதவர் ஜம்புலிங்கம்.

மறுநாள் ஏழு மணிக்கே முகப்பேருக்குப் போய் சாவித்திரியின் கதவைத் தட்டினார். ஆறு வருடம் கழித்து.

"பத்து மணிக்கு அமீனா வர்றாங்களாம். அதுக்குள்ள நீயே வந்து மாடியத் தொறந்துடும்மா."

சாவித்திரி அவர் நீட்டிய சாவியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு இவ்ளோ பெரிய மனசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சேண்ணா."

தோற்றுப்போனவனை இப்படிப் பாராட்டுகிறாளே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சரியாகப் பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஸ்ரீநாத் இறங்கினான். பின்னாலேயே சுடிதார் போட்ட ஒரு பெண், கையில் பழப் பையோடு.

பெண்களையும் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள் போலிருக்கிறது. ஜம்புலிங்கம் எழுந்து நின்றார்.

"கோர்ட்லருந்து வர்றீங்களா?"

"இல்ல மாமா, பூந்தமல்லிலருந்து. அமீனான்றது என் பேரு." அவள் சிரித்தாள். "சின்ன வயசுலருந்து எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. அரபில 'அமீன்'னா நம்பிக்கையானவன். கடைசில ஒரு 'ஆ' சேர்த்தா நம்பிக்கையானவ. கோர்ட்லதான் அத ஆம்பளைக்கு வச்சிட்டாங்க."

ஜம்புலிங்கத்தின் காதில் 'மாமா'வைத் தாண்டி எதுவும் விழவில்லை.

அதற்குள் சாவித்திரி மாடியிலிருந்து இறங்கி வந்து, சாவியை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இனிமே நீங்க ரெண்டு பேரும் மேலதான். உங்க மாமாவே என் ஊடு தேடி வந்து குடுத்தாரு."

எதிர்வீட்டுத் தாயம்மாள் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

சாவித்திரி அண்ணன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இவங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நான்தாண்ணா போட்டேன். உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

ஜம்புலிங்கம் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பவே தெரியும்" என்றார்.