முருங்கைக்காயின் மூச்சு

கொரோனாவுக்காக வீடு வீடாக ஆக்ஸிஜன் அளவு பார்க்க வந்தவர் பவளக்கொடியின் புருஷன் விரலில் மாட்டிய கிளிப், தொண்ணூற்றெட்டு காட்டியது. அவனோ ஒரு வார்த்தை பேச மூன்று தடவை மூச்சு வாங்கினான்.

“ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுங்க சார்.”

“தொண்ணூத்தெட்டுக்கு பெட் கிடையாதும்மா. மிஷின் பொய் சொல்லாது.”

“அப்ப அவரு உதடு பொய் சொல்லுதா? நீலம் பாரிச்சுக் கிடக்கு, நிமிர்ந்து பாருங்க!”

அவர் நோட்டிலிருந்து நிமிரவில்லை. பவளக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளிப்பைக் கழற்றி, குழம்புக்கு நறுக்கி வைத்திருந்த முருங்கைக்காயில் மாட்டினாள். சிவப்பு வெளிச்சம் கொஞ்ச நேரம் யோசித்தது. தொண்ணூற்றெட்டு.

“இதுக்கும் மூச்சு நல்லா இருக்குதாம். எழுதிக்கங்க!”

அவர் மெல்ல நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அந்தத் தெருவின் நாற்பது வீட்டுக்கும் தொண்ணூற்றெட்டுதான் எழுதியிருந்தது.