கடைசியாக வெளியே வருபவர்

பள்ளி விட்ட பிறகு, ஆசிரியர் அறையில் பொன்மலர் தலைமை ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கூடவே தேர்வெழுதும் சூசை சார் கேள்வி கேட்டார்.

"பள்ளிக்குள்ள வெள்ளம் வந்துடுது. கடைசியா யார் வெளிய வரணும்?"

"தலைமை ஆசிரியர். யார் என்ன சொன்னாலும், ஒவ்வொரு அறையையும் தானே பார்த்துட்டுத்தான் வரணும்."

வராந்தாவின் கோடியில் ஒரு கதவு திறந்து மூடியது. பிறகு அடுத்தது. போன மழை வெள்ளத்தில் அப்படிப் பார்க்கப் போன தலைமை ஆசிரியர் ஹெலன் டீச்சர் திரும்பவில்லை. பிள்ளைகள் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள்.

இவர்கள் அறைக் கதவு திறந்தது. வாசலில் ஈரம் பரவியது. பொன்மலர் எழுந்து நின்றாள்.

"பிள்ளைங்க எல்லாரும் அன்னைக்கே பத்திரமா போயிட்டாங்க டீச்சர். நீங்களும் கிளம்புங்க."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பக்கத்து அறைக் கதவு திறந்தது.